அத்தை என்னைத் தவிட்டுக்கு விற்ற நாள்

அத்தை போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் நீயும் எழுது என்று மாமா சொன்னார். ஏழாம் வகுப்போடு நின்றவன் எழுத்தில் பிழை இருந்தால் உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அத்தை பிறந்தது மயிலாடும்பாறையில், மழையை நம்பிய விவசாயக் குடும்பத்தில். மாமாவைக் கட்டிக்கொண்டு மேகமலைக்கு வந்தவர், கடைசிவரை தேயிலைக் கொழுந்து பறித்தார். குளிரும் அட்டைக்கடியும் பழகிவிட்டன. பிள்ளை இல்லாதது மட்டும் பழகவில்லை.

தொண்ணூற்றாறில், ஐந்து வயதில் என்னை அவரிடம் விட்டார்கள். அம்மா இறந்தபின் அப்பா எங்கோ போய்விட்டதால், பெரியப்பா வீடு, சித்தி வீடு என்று கைமாறி வந்திருந்தேன். புது வீட்டில் நான் அழவில்லை, யாரையும் தேடவில்லை. எந்தப் பெண்ணைக் கண்டாலும் "ஆத்தா" என்று மடியில் ஏறுவேன். ஆனால் முட்டி கிழிந்தால் யாரிடமும் போகாமல் நானே மண்ணை அப்பிக்கொள்வேன். சோற்றில் பாதியைச் சட்டைக்குள் ஒளிப்பேன்.

"எல்லார்ட்டயும் போறான், ஒருத்தர்ட்டயும் நிக்க மாட்டேங்கிறான். தவிட்டுக்கு வித்து வாங்கு, ஒட்டிக்கிருவான்" என்றார் எதிர்வீட்டுப் பெரியம்மா. பிள்ளை நிலைக்காத வீடுகளில் நம் பக்கம் செய்வதுதான். பிள்ளையைக் கொடுத்து ஒரு முறம் தவிடு வாங்கி, பிறகு காசு கொடுத்து மீட்பார்கள்.

ஒரு காலையில் அத்தை என்னைப் பெரியம்மாவிடம் விற்றார். உடனே மீட்டிருக்க வேண்டும். அதற்குள் வேலைக்குச் சங்கு ஊதிவிட்டது. "சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன்க்கா" என்று ஓடினார்.

மாலையில், "தவிட்டுக்கார அக்கா, எம்பிள்ளையக் குடுங்க" என்று சிரித்துக்கொண்டே வந்தார். அதற்குள் என் சட்டையும், ஒளித்து வைத்திருந்த முறுக்கும் பெரியம்மாவின் அரிசிப் பானைக்குப் பின்னால் குடியேறியிருந்தன. கூப்பிட்டதும் அவற்றை எடுத்துக்கொண்டு வந்து கேட்டேனாம்: "இனி என்னைய யாரு வாங்குவாக?"

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள், தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகள் எல்லாவற்றுக்கும் போனார். "ஏலே, எங்க வீட்டுக்கு வந்துர்றியா? முட்டாயி தாரேன்" என்று சின்னப் பிள்ளைகளைச் சீண்டுவது அங்கே எல்லோருக்கும் பொழுதுபோக்கு. என்னிடம் யாரும் அப்படிக் கேட்கக் கூடாது என்றார்.

"பெத்தவளுக்கே இம்புட்டு வீம்பு இல்ல" என்று குழாயடியில் பேசினார்கள்.

"வீம்புதான். எம்பிள்ளைய வெளையாட்டுக்குக்கூட யாரும் கேக்கக் கூடாது" என்றார் அத்தை.

ஓராண்டுக்கு மேல் ஒன்றும் மாறவில்லை. நான் விழுந்தால் அவரே தேடி வந்து காயத்தைத் துடைத்தார். ஒளித்த சோறு நாறினால் திட்டாமல் கொட்டிவிட்டு, அதே இடத்தில் ரொட்டி வைத்தார்.

சின்னமனூர் ஜீப் ஓட்டுநருக்கு இந்தத் தடை தெரியாது. "ஏறு மருமகனே, கீழ கொண்டுபோயி நானே வச்சுக்கிறேன்" என்று ஒருநாள் கையைப் பிடித்தார். யார் கூப்பிட்டாலும் போகிறவன், அன்று அவர் கையைக் கடித்துவிட்டு அத்தையின் சேலைக்குள் புகுந்து கத்தினேன்.

"என்னாக்கா, பிள்ள வளக்குறியா, நாய் வளக்குறியா?"

"கோவிச்சுக்காத தம்பி. கடிச்சுப்புட்டான்... எம்பிள்ள கடிச்சுப்புட்டான்!" என்று மஞ்சள் வைத்துக் கட்டியபடியே சிரித்தாராம். அன்று லைனில் எல்லோருக்கும் அத்தை வீட்டில் காப்பி.

அதோடு எல்லாம் நேராகிவிடவில்லை. திருடினேன், பள்ளியை விட்டேன், ஏலத்தோட்டம், லாரி என்று கட்டப்பனை வரை திரிந்தேன். கைமாறி வளரும் பிள்ளைகளுக்கு இப்படி ஆவதுண்டு, பிள்ளைமேல் குற்றமில்லை என்று தேனியில் ஒரு டாக்டரம்மா விளக்கினார். "அது தெரியுமே" என்றார் அத்தை. போகாதே என்று என்னிடம் சொன்னதே இல்லை. "பசிச்சா வந்துரு. பசிக்காட்டியும் வந்துரு" என்பார். நானும் வந்துகொண்டிருந்தேன்.

அத்தை நெஞ்சுவலி வந்து தேனி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உடனிருந்தேன். அந்த மோசமான மலைப்பாதையில் அவரை அலுங்காமல் இறக்கிய லைன் அண்ணன்மார்களுக்கும், மாமாவுக்கு இன்றுவரை சோறு கொடுத்தனுப்பும் பெரியம்மாவுக்கும் நன்றி.

அடக்கத்தன்று நான் போட்ட சத்தம் எல்லோருக்கும் நினைவிருக்கும். "ஆம்பளப் பிள்ள இப்பிடியா அழுகுறது?" என்று பெரியவர்கள் சிலர் என்னைப் பிடித்து இழுத்தார்கள். மாமாதான் தடுத்தார்: "விடுங்க, அழுகட்டும். அவ இதுக்குத்தான் பாடுபட்டா."

அன்று என்னை அழவிட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி.