தம்பிக்கு நான் சொல்லிக்கொடுத்த பதில்கள்

எங்கள் விளையாட்டில் பந்தைத் தொடாமலே காலம் முழுக்க ஆடலாம். பந்தை எறிபவனுக்கு முன்னால் ஐந்து பேர் வரிசையாக நிற்போம். அவனை விழுத்த ஓடிவருகிறவர்களைத் தலையாலும் நெஞ்சாலும் மறிப்பதுதான் வேலை. சிட்னியில் அமெரிக்கக் கால்பந்து ஆடிய தமிழர் எனக்குத் தெரிந்து இரண்டே பேர், நானும் என் தம்பியும். மெரிலேண்ட்ஸ் கடைத்தெருவில் அன்ரிமார் எங்களைக் கண்டால், "என்ன பிள்ளையள், அரிசி மூட்டை மாதிரி!" என்று சிரிப்பார்கள். அந்த உடம்புக்கு மைதானத்தில்தான் மரியாதை கிடைத்தது.

எனக்கு உடம்பு மட்டும். தம்பிக்குக் கால் வேகமும் இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை, அமெரிக்காவில் சம்பளத்துக்கு ஆடும் ஒரு சின்ன அணியின் ஆள் அவனைப் பார்க்கவென்றே வந்திருந்தார். கிடங்கில் பெட்டி தூக்கும் வேலையிலிருந்து அவன் தப்ப வேறு வழியில்லை என்று வீட்டில் எல்லோரும் நம்பினோம்.

மூன்றாவது குவார்ட்டரில், அதாவது ஆட்டத்தின் மூன்றாம் கால் பகுதியில், ஒருவனின் ஹெல்மெட் தம்பியின் தலையில் நேராக மோதியது. தம்பி எழுந்து எதிரணி வரிசையில் போய் நின்றான். ஆட்கள் சிரித்தார்கள். நான் அவன் கையைப் பிடித்து இழுத்துவந்தேன். எங்கள் அணியில் காயம் பார்க்கும் பிசியோ அவனை ஓரமாக இருத்தி வழக்கமான மூன்று கேள்விகளைக் கேட்டார். எத்தனையாவது குவார்ட்டர்? யாருடன் ஆடுகிறோம்? கடைசியாகப் புள்ளி எடுத்தது யார்? ஒன்று பிழைத்தாலும் அன்றைக்கு ஆட்டம் இல்லை.

தம்பி பதில் தெரியாமல் என் முகத்தைப் பார்த்தான்.

நான் சப்பாத்து லேஸ் கட்டுகிற சாக்கில் குனிந்தேன். "மூண்டாவது. மெல்பேர்ண் ஆக்கள். அவங்கள்தான் கடைசியா எடுத்தவங்கள். சொல்லடா."

என்ன முணுமுணுக்கிறாய் என்று தமிழ் விளங்காத பிசியோ கேட்டார். பிரார்த்தனை என்றேன். பாவம் மனிதர், தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். தம்பி மூன்றையும் சரியாகச் சொன்னான்.

திரும்பப் போய் இன்னும் இரண்டு மோதல் வாங்கினான். வந்த ஆளுக்கு அவனைப் பிடித்துவிட்டது. அவன் விமானம் ஏறும்வரை வேறு இரண்டு ஆட்டங்களிலும் அதே வித்தையைச் செய்தேன். பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பு எனக்கு.

அமெரிக்காவில் மூன்று சீசன் ஆடினான். முழங்கால் பழுதாகித் திரும்பி வந்தான். தலையைப் பற்றி அப்போது யாரும் கேட்கவில்லை. முப்பத்தைந்து வயதில், பால் வாங்கப் போனவன் காருக்குள் இருந்து போன் பண்ணி, வீடு எங்கே என்று கேட்டு அழுதான். அன்றிலிருந்து என்னோடுதான் இருக்கிறான்.

நரம்பு டொக்டரிடம் கூட்டிப்போன அன்று, எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் போனேன். அவரும் யாழ்ப்பாணத்துக்காரர்.

"தலையில அடிபட்ட பிறகும் ஆரும் உங்களைத் திரும்ப விளையாட விட்டவையோ?" என்று தம்பியிடம் கேட்டார்.

"சீச்சீ," என்றான் தம்பி. "அண்ணா பக்கத்திலயே நிண்டவர். அவர் விட்டிருப்பாரோ?"

டொக்டர் என்னைப் பார்த்தார். தம்பி சொன்னது சரி என்பதுபோல் நான் ஓம் என்று தலையாட்டினேன். அவர் அதை எழுதிக்கொண்டார்.