டயல் ஏசியில் நின்றது

மிச்சம் என்ற ஊரில் ஒரு ரொட்டித் தொழிற்சாலை. மா பிசையும் இயந்திரத்தின் டிரைவ் நின்றுவிட்டதென்று காலையில் அழைத்தார்கள். டிரைவ் என்பது மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் எலெக்ட்ரோனிக் பெட்டி. நானும் என்னோடு வேலை செய்த கணேஸ் அண்ணையும் போனோம். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. இயந்திரங்களின் மின்பழுது பார்க்கும் வேலையில் எனக்கு ஆறு வருட அனுபவம் இருந்தது.

டிஸ்பிளே இருண்டு கிடந்தது. என்ன பழுதென்று காட்டும் ஃபோல்ட் கோட் எதுவும் இல்லை.

“வாய் திறக்காத நோயாளி. வயித்தைக் கிழிச்சுத்தான் பாக்கோணும்,” என்றார் அண்ணை.

மெயின்ஸ் மின்சாரத்தை நிறுத்தி சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டோம். வோல்டேஜ் அளக்கும் மீற்றரின் டயலை ஏசியில், அதாவது மாறுமின்னோட்டத்தில் வைத்து, உள்ளே வரும் மூன்று பேஸ் கம்பிகளிலும் மின்சாரம் இல்லையென்று பார்த்தேன். ஆனால் டிரைவுக்குள் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பெரிய கப்பாசிட்டர்களில் ஐந்நூறு வோல்ட்டுக்கு மேல் டிசி, அதாவது நேர்மின்னோட்டம், தேங்கி நிற்கும். அது வடியப் பத்து நிமிடம் விடவேண்டும். பிறகு மீற்றரை டிசிக்கு மாற்றி, கப்பாசிட்டர் முனைகளில் பார்த்த பின்புதான் கை வைக்கலாம்.

அந்தப் பத்து நிமிடத்துக்குள் மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. அவளுக்கு ஒன்பது வயது, ஆஸ்துமா. மூச்சு இழுக்கிறதாம், பையில் இன்ஹேலர் இல்லையாம். அது என் காரில் கிடந்தது. மறந்தது நான்தான். ஷிப்டில் இருந்த மனைவி போனை எடுக்கவில்லை. மெசேஜ் விட்டேன்.

“நீ வெளிக்கிடு தம்பி. நான் தனியப் பாக்கிறன்.”

“வோல்டேஜை மட்டும் பாத்துத் தந்திட்டுப் போறன் அண்ணை.”

பத்து நிமிடம் முடிந்ததும் மீற்றரை முனைகளில் வைத்தேன். சீரோ.

“ஒண்டுமில்லை அண்ணை. கை வைக்கலாம்.”

கார்ச் சாவியோடு திரும்பியபோது பின்னால் துவக்கு வெடித்ததுபோல் சத்தம். அண்ணையின் ஸ்பானர் இரண்டு முனைகளிலும் ஒன்றாகப் பட்டிருந்தது. அதன் நுனி உருகிவிட்டது. அவர் தரையில் விழுந்து கிடந்தார். வலது கை விரல்கள் கறுத்திருந்தன.

என்னைக் கண்டதும், “ஏன்டா நிக்கிறாய்? பிள்ளையிட்டப் போ,” என்றார்.

நான் அம்புலன்ஸை அழைத்தேன். மெசேஜைக் கேட்ட மனைவி, வீட்டிலிருந்த இன்னொரு இன்ஹேலரோடு பள்ளிக்கூடம் போய்விட்டாள். மகள் தேறினாள்.

மீற்றரை எடுத்துவைக்கக் குனிந்தபோதுதான் கண்டேன். டயல் இன்னும் ஏசியில் நின்றது. ஏசியில் வைத்துப் பார்த்தால் தேங்கிநிற்கும் டிசி சீரோ என்றுதான் காட்டும்.

பிறகு வேர்க்ஷொப்பில் நானும் மற்றவர்களும் டிரைவைப் பிரித்தோம். டிஸ்பிளேக்கு மின்சாரம் கொடுக்கும் சின்னப் பவர் சப்ளை செத்திருந்தது. வழமையாகக் கப்பாசிட்டரை வடியவைப்பதில் பெரும்பங்கு அதற்குத்தான். மிச்சத்தை வடிக்கும் ரெசிஸ்டரும் வெடித்திருந்தது. டிரைவ் செத்ததால்தான் உள்ளே மின்சாரம் அப்படியே நின்றது.

ஆஸ்பத்திரியில் அண்ணை, “ரெசிஸ்டர் போனதாம். உன்னில பிழையில்லை,” என்றார்.

“டயல் ஏசியில நிண்டது அண்ணை.”

அவர் கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் தூக்கி வைத்தார்.

“அப்ப ரிப்போர்ட்டில அதையும் எழுது. என்ர மீற்றர் டூல் பெட்டிக்குள்ளயே கிடந்தது, நான் எடுத்துப் பாக்கேல்லை. அதையும் எழுது.”

ரிப்போர்ட்டில் இரண்டையும் எழுதினேன். அந்தக் கையில் இரண்டு விரல்கள் இன்றும் முழுதாக மடங்காது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். டெஸ்ட் செய்யும் முன்பும் பின்பும் மீற்றரை வோல்டேஜ் தெரிந்த ஒரு பற்றரியில் வைத்துப் பாருங்கள். இடையில் போன் வந்தால் முதலாம் படியிலிருந்து தொடங்குங்கள். வீட்டில் அவசரமென்றால், ஒன்றையும் பாதி செய்து கொடுக்காமல் போய்விடுங்கள். அண்ணை சொன்னபோதே நான் போயிருந்தால், அவர் தன்னுடைய மீற்றரை எடுத்திருப்பார்.