படுக்க வைத்தவர்கள்

குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தபோது மதுராந்தகத்தில் என் சொந்த வீட்டில் தனியாக இருந்தேன். கணவர் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. ஒரு ஆபீஸில் கடைநிலை வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். சமையல், துணி, கடை கண்ணி எல்லாம் நானேதான். யாரையும் எதிர்பார்த்து உட்கார்ந்ததில்லை.

செங்கல்பட்டில் ஆபரேஷன் செய்தார்கள். மறுநாளே என்னை நிற்க வைத்தார்கள். தினமும் நடக்க வையுங்கள் என்று மகனிடம் சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவனும் தலையாட்டினான், வாக்கர் வாங்கினான், படூரில் இருக்கும் தன் ஃபிளாட்டுக்கு என்னைக் கொண்டுபோனான். அங்கே அந்த வாக்கரில் மருமகள் துண்டு காயப்போட்டாள்.

இவர்கள் கெட்டவர்கள் இல்லை. கெட்டவர்களாக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

எங்கள் ஜனத்தில் உடம்பு பார்க்க வருவது பெரிய காரியம். ரொட்டி, ஹார்லிக்ஸ், ஆப்பிள் என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். வருகிறவர்கள் கண்ணுக்கு நோயாளி படுத்திருக்க வேண்டும். நடமாடினால், பெற்ற பிள்ளை சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று பேச்சு கிளம்பும். ஒருநாள் ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தேன். நாத்தனார் உள்ளே வந்தாள்.

“இன்னா அண்ணி, நின்னுகினு கீற? உன் புள்ளைக்கு ஒரு டம்ளர் தண்ணி மோந்து குடுக்கத் தெரியாதா?”

“படுத்து படுத்து கால் மரத்துப்போச்சுடி.”

“மரத்தா மரத்துட்டுப் போவுது. படு. நீ இப்டி நிக்கறத ஊர்ல சொன்னா அவன் மானம் போயிடும்.”

அவளே என்னைப் பிடித்துக் கட்டிலில் சாய்த்தாள். பக்கத்தில் நின்றிருந்த மகன் முகம் சுண்டிப்போனது. அன்று சாயங்காலம் எனக்கு டயபர் வாங்கிக்கொண்டு வந்தான். வேண்டாம்டா என்றேன்.

“யம்மா, எங்களுக்காக நீ ஓடனது போதும். இனிமே நாங்க பாத்துக்கறோம்” என்றான். கண் கலங்கியிருந்தது. அழுகிற பிள்ளையிடம் என்ன பேசுவது? டயபரைக் கட்டிக்கொண்டேன். கால் இரண்டும் குச்சியாக இளைத்தது.

பல மாதம் கழித்து ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வீடு வீடாக வரும் பிசியோதெரபி பெண் வந்தாள். முதியவர்கள் தங்கள் காலில் நிற்க வேண்டும் என்று அரசாங்கம் திட்டம் போடுகிறது. நல்ல திட்டம்தான். என் நாத்தனாருக்கு யார் போய் வகுப்பு எடுப்பது?

“உங்களுக்கு என்ன செய்யணும்னு ஆசைம்மா?” என்று அந்தப் பெண் கேட்டாள். அதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை.

“என் வூட்டுக்குப் போவணும். நானே உலை வெக்கணும்.”

“அப்ப இந்த வீட்டு அடுப்பு வரைக்கும் முதல்ல போவோம்.”

நான் எழ முயன்றதும் மருமகள் தூக்க ஓடி வந்தாள். “அக்கா, கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க. பக்கத்துல நான் இருக்கேன்” என்றாள் அந்தப் பெண்.

“அவங்க தள்ளாடறத நின்னு வேடிக்க பாக்கச் சொல்றியா?” மருமகளுக்கு அழுகையே வந்துவிட்டது.

தள்ளாடினேன், திட்டினேன், நடந்தேன். வாராவாரம் அந்தப் பெண் வந்தாள். முதலில் டீ போட்டேன். பிறகு தனியாகக் குளித்தேன். பிறகு கைத்தடியோடு மாடிப்படி இறங்கி ஏறினேன். ஒருநாள் மகனிடம் மதுராந்தகம் போகிறேன், வீட்டுச் சாவியைக் கொடு என்றேன்.

அவன் தரையைப் பார்த்தான். “வாடகைக்கு வுட்டுட்டேம்மா. பூட்டிக் கெடந்தா கரையான் அரிக்கும்னாங்க.”

“என்னைய ஏன்டா கேக்கல?”

“நீ படுத்துகினு இருந்த. இனிமே...”

“இனிமே இன்னா?”

“எழுந்திருக்க மாட்டன்னு நெனச்சிட்டேன்.”

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் கிளம்பினேன். செங்கல்பட்டில் பஸ் மாறி மதுராந்தகம் போய் இறங்கினேன். குடியிருந்தவள் இரண்டு பிள்ளைகளோடு வாசலுக்கு வந்தாள். நான்தான் வீட்டுக்காரி என்றேன். பள்ளிக்கூடம் பக்கத்தில் இருப்பதால்தான் இந்த வீட்டுக்கு வந்தார்களாம். என் அடுப்பு மேடையில் அவளுடைய குக்கர் விசில் அடித்தது. படியேறும்போது என் கையைப் பிடிக்க வந்தாள். விடு, நானே ஏறுவேன் என்றேன்.

“காலி பண்ணச் சொல்ல வந்தீங்களாம்மா?” அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

அதற்குத்தான் போயிருந்தேன். பெரிய பிள்ளை என் திண்டாட்டம் எதுவும் தெரியாமல் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தது. சும்மா பார்க்க வந்தேன் என்று சொல்லி, அவள் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தேன். ஆஸ்பத்திரியில் சொன்னபடி என்னை அப்போதே நடக்க விட்டிருந்தால் அந்தக் குடித்தனக்காரி வேறு வீடு பார்த்திருப்பாள், நான் என் வீட்டில் சோறு வடித்துக்கொண்டிருப்பேன். கால் திரும்பி வந்துவிட்டது. வீடு போய்விட்டது. யாரைத் திட்டுவது?

படூர் வந்து சேர்ந்தபோது மகன் கேட்டிலேயே நின்றிருந்தான். “சொல்லியிருந்தா கார்ல கூட்டிகினு போயிருப்பேன்ல? ஏன் இப்டி அலையிற?” என்றான்.

கைத்தடியை ஊன்றி உள்ளே நடந்தேன். லிஃப்டுக்குள் போனதும் பொத்தானுக்குக் கையை நீட்டினேன். அதற்குள் அவனே அழுத்திவிட்டான்.