லிஃப்ட் மெக்கானிக் மறைத்தது

லிஃப்ட் மெக்கானிக்குக்கு மாரடைப்பு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மனைவி தினமும் காலையில் அவரை எடை மெஷினில் ஏற்றிப் பார்ப்பாள்.

"ஒரே வாரத்துல மூணு கிலோ ஏறியிருக்கு. காலும் வீங்கியிருக்கு. டாக்டர்கிட்ட போலாம்ங்க."

"உன் கைப்பக்குவம் அப்படி. நீயே கண்ணு வைக்காதே" என்று மழுப்பிவிட்டு டூல் பையைத் தூக்கினார்.

மூன்று வாரமாக அவர் டாக்டர் கொடுத்த மாத்திரைகளைத் தொடவில்லை. போட்டால் வேலை நடுவே அடிக்கடி சிறுநீர் கழிக்க ஒதுங்க வேண்டியிருந்தது. அடிபட்ட இதயத்தை 'ஆக்சிஜனேற்ற அழுத்தம்' கெடுக்கிறது, அதற்கு ஒரு கேப்ஸ்யூல் போதும் என்று போனில் ஒரு வீடியோ சொல்ல, அதை நம்பி வாங்கி விழுங்கிவந்தார்.

அன்று ஒரு கட்டடத்தில் லிஃப்ட் ஐந்தாவது மாடியில் பாதியில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு கர்ப்பிணி. லிஃப்டை நகர்த்தும் மோட்டார் அறை மொட்டை மாடியில். படியேறினார். நான்காவது மாடியில் மூச்சு இரைத்தது. ஐந்தாவதில் கால் மடிந்து உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, வந்துட்டீங்களா?" மூடிய கதவுக்குள்ளிருந்து குரல்.

வீராப்புக்கு அது நேரமில்லை. கூட வேலை பார்ப்பவனை போனில் அழைத்துவிட்டுச் சொன்னார்: "என்னால... ஏற முடியலம்மா. வேற ஆள்... வர்றான்."

"உங்க மூச்சு ஏன் இப்படி வருது?"

பதில் சொல்லக் காற்று இல்லை. அவள்தான் உள்ளிருந்தபடியே ஆம்புலன்ஸுக்கு போன் செய்தாள். கூட வேலை பார்ப்பவன் வந்து லிஃப்டைத் திறக்க, இருவரும் பத்திரமாக வெளியே வந்தார்கள், அவர் ஸ்ட்ரெச்சரில்.

"வீடியோ சொன்னது பாதி நிஜம்" என்றார் டாக்டர். "திணறுற இதயத்துல ஆக்சிஜன்லேர்ந்தே கேடு பண்ற பொருள் அதிகமா உண்டாகி செல்லைக் கெடுக்கும். ஆனா கேப்ஸ்யூல் அதைத் தடுத்து இதயத்தைக் காப்பாத்தும்னு நிரூபணம் இல்ல. நீங்க நிறுத்தினீங்களே, அந்த மாத்திரைங்கதான் இதயத்தோட பாரத்தைக் குறைச்சுட்டிருந்துச்சு. நிறுத்தினதால உடம்புல நீர் கோத்துக்கிச்சு."

மனைவி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் கேட்டாள்:

"இன்னும் என்னத்த மறைச்சிருக்கீங்க?"

அவர் தன் வீங்கிய காலைப் பார்த்தபடி சொன்னார்.

"பயமா இருக்கு. எட்டு மாசமா, ஒவ்வொரு படியிலயும்."

அவள் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.