முன்னால் வந்த தூக்கு

மாலை நாலு நாற்பதுக்கு அழைப்பு மணி அடித்தது. அதுவரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கதவைத் திறந்தால், ஹெல்மெட்டைக் கழற்றாத ஓர் ஆள், கையில் பொட்டலம். தோழியோடு உணவுத் திருவிழாவுக்குப் போன என் மகள் அங்கிருந்தே எனக்கு அனுப்பியிருக்கிறாள். நெய் வாசனை. உடனே அவளை அழைத்தேன். போன் அணைந்திருந்தது. தோழியின் எண்ணை நான் வாங்கி வைத்திருக்கவில்லை. “ஸ்டார் போட்ருங்கம்மா” என்று சொல்லிவிட்டுப் பொட்டலம் கொண்டுவந்தவர் லிஃப்டுக்குள் போய்விட்டார்.

பெண் சாப்பாடு அனுப்பினால் சந்தோஷப்பட வேண்டியதுதானே என்பீர்கள். ஆனால் சாப்பாடு முன்னால் வந்து, பிள்ளை வராமல் போன ஒரு சாயங்காலம் எனக்குத் தெரியும். அன்றைக்கு வராத பிள்ளை நான்தான்.

எண்பதுகளின் நடுவில் ஒரு கோடை விடுமுறை. பழவேற்காட்டுக்கு எதிரே, ஏரிக்கும் கடலுக்கும் நடுவிலிருந்த மணல்திட்டில் எங்கள் குப்பம். பாலம் கிடையாது. பள்ளிக்கூடம், கடை, எதற்கும் படகுதான். என்னோடு படித்த மும்தாஜ் பழவேற்காடு ஊருக்குள் இருந்தாள். தர்காவில் கந்தூரி விழா, வாடி என்று கூப்பிட்டிருந்தாள். எனக்குக் கந்தூரி என்றால் நெய்ச்சோறும் தால்சாவும். அம்மா ஒரு எவர்சில்வர் தூக்கைக் கொடுத்து அனுப்பினாள். மூடியில் நைனாவின் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும்.

நானும் மும்தாஜும் பந்தியில் இரண்டு முறை உட்கார்ந்தோம். பரிமாறியவர்கள் பார்த்தும் பார்க்காதது போல இருந்தார்கள். தூக்கும் நிறைந்தது. கிளம்பும்போதுதான், “சந்தனக்கூடு பாத்துட்டுப் போயேன்டி” என்று மும்தாஜ் கையைப் பிடித்தாள். தூக்கை மட்டும் படகுக்காரர் கன்னியப்பன் மாமாவிடம் கொடுத்தேன்.

“அம்மாகிட்ட குட்த்துடு மாமா. நான் அடுத்த படகுல வரேன்.”

“இன்னாடி, தூக்குக்கு ஒரு படகு, ஒனக்கு ஒரு படகா?”

அடுத்த படகு வரவேயில்லை. தெற்குக் காற்று ஏறிவிட்டது. காற்று ஏறுமுன்பே மாமா அக்கரையில் அம்மாவைக் காணாமல், கரையேற்றிக் கிடந்த ஒரு படகின் பலகையில் தூக்கை வைத்துவிட்டு வலைக்குப் போய்விட்டார். பெயர் வெட்டிய பாத்திரம், யாரும் எடுக்க மாட்டார்கள், வீடு போய்ச் சேரும் என்று நினைத்திருப்பார். அந்தக் காலத்தில் அப்படித்தான் சேரும்.

பொழுது சாயும்போது அம்மா என்னைத் தேடிக் கரைக்கு வந்தாள். தூக்கு இருந்தது. நான் இல்லை.

இருட்டிக் காற்று தணிந்ததும் மும்தாஜின் வாப்பா ஒரு படகு பிடித்து எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டார். தூரத்தில் எங்கள் கரையோரம் பெட்ரோமாக்ஸ் விளக்குகள் வரிசையாக அசைந்தன. “உங்க ஊர்லயும் கந்தூரியாடி?” என்றாள் மும்தாஜ். நாங்கள் சிரித்தோம். நெருங்கியபோதுதான் தெரிந்தது. குப்பத்து ஆண்கள் அத்தனை பேரும் இடுப்பளவு தண்ணீரில் நின்று கழிகளால் அடிச்சேற்றைக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் நைனாவும் இருந்தார்.

அம்மா தூக்கை மார்போடு அணைத்தபடி ஈரமணலில் உட்கார்ந்திருந்தாள். அடி விழும் என்று பயந்து நான் முந்திக்கொண்டேன். “ஆறிடக் கூடாதுன்னுதாம்மா முன்னாடியே குட்தனுப்பினேன்.” அவள் என் தலைமுடியை ஈரமா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அதன்பிறகு எந்த விசேஷத்துக்கும் என் கையில் தூக்கு கொடுத்ததில்லை.

இப்போது அங்கே பாலம் வந்துவிட்டது. அம்மா இல்லை. பாத்திரத்தில் யாரும் பெயர் வெட்டுவதில்லை. அன்று ஒரு பிள்ளைக்காக ஒரு குப்பமே தண்ணீரில் இறங்கியது. இந்தக் குடியிருப்பில் எதிர்வீட்டு மணியை அடிக்கப் போய், அவர்கள் பெயர் தெரியாமல் திரும்பி வந்தேன். மடியில் பொட்டலத்தோடு வாசலுக்கு நேரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். பொட்டலத்தின் சூடு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

எட்டு மணி வாக்கில் கதவு திறந்தது. மகள் செருப்பைக் கழற்றியபடியே பொட்டலத்தைப் பார்த்தாள்.

“இன்னாம்மா, பிரிக்கவே இல்லையா? ஆறிடக் கூடாதுன்னுதான முன்னாடியே அனுப்பினேன்.”