ஸ்டோரில் இருநூறு பேர்

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு வியாதி. சிரிக்கக் கூடாத இடத்தில்தான் சிரிப்பு வரும். சாவு வீட்டில் வந்திருக்கிறது. மண்டபம் முகாமில் டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னபோது வந்து, அவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதை அடக்கப் பார்த்தால் இன்னும் மோசம். அடக்கிய சிரிப்பு ஏதாவது வேண்டாத பேச்சாக வாய்வழியே வெளியே வந்துவிடும். இப்படித்தான் ஒருநாள் காலையில் ஐந்து பெண்களின் பிழைப்பை அந்தரத்தில் தொங்கவிட்டேன்.

நாங்கள் கப்பலில் வந்து இறங்கி மூன்றாவது வருடம் அது. சேரம்பாடிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் எங்கள் ஐந்து பேருக்கும் வீடும் ஃபேக்டரியில் வேலையும் கிடைத்திருந்தன. ஐந்து பேரும் இலங்கையில் ஒரே தோட்டத்துக்காரிகள். வறுத்த தேயிலையைத் தரையில் கொட்டிப் பரப்பிவிடுவார்கள். நாங்கள் காலை நீட்டி உட்கார்ந்து, அதில் கிடக்கும் குச்சியையும் நாரையும் விரலால் பொறுக்க வேண்டும். வெளியே மழை கொட்டும், உள்ளே அடுப்புச் சூடு கதகதவென்று இருக்கும். கைக்கு வேலை, வாய்க்குக் கொண்டாட்டம். அந்தத் தரையை எனக்கு அவ்வளவு பிடிக்கும். அட்டைப்பூச்சி ஏறாத இடம் என்பதும் ஒரு காரணம்.

பிறகு அந்த மிஷின் வந்தது. அதில் நாலைந்து உருளைகள். அவை சுழலும்போது, தலையில் தேய்த்த சீப்பு காகிதத்தை இழுக்குமே, அதுபோல் குச்சியையும் நாரையும் மட்டும் இழுத்துக்கொள்ளும். முதல்நாள் ஓட்டிக் காட்டியபோது நான் கிட்டே போய்க் குனிந்தேன். என் முன்முடி எழுந்து நின்றது. மற்ற நால்வரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாங்கள் ஐந்து பேரும் ஒரு நாள் முழுக்கப் பொறுக்குவதை அது ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டது. அதைப் பார்த்தபோதுதான் சிரிப்பு நின்றது.

இனி எங்களுக்குத் தேயிலைக் காட்டில் கொழுந்து பறிக்கும் வேலைதான் என்று பேச்சு வந்தது. எங்களில் மூத்த அக்காவுக்கு முழங்கால் போய்விட்டிருந்தது. சமதரையிலேயே சுவரைப் பிடித்துத்தான் எழுந்திருப்பார். அந்தச் சரிவில் கூடையைச் சுமந்து அவரால் ஏற முடியாது. பறிக்க முடியாதவர் பெயரை எடுத்துவிடுவார்கள், பெயர் போனால் வீடும் போகும். அவருக்கு இரண்டு பிள்ளைகள், புருஷன் இல்லை. எனக்கு அட்டைப் பயம், அவருக்குக் கூரைப் பயம். எது பெரியது என்று எனக்கும் தெரியும்.

அந்த நேரத்தில் மேலிடத்திலிருந்து ஒரு ஃபாரம் வந்தது. மிஷினால் வேலை இழப்பவர்களுக்கு முன்னால் என்ன அனுபவம் இருந்தது என்று எழுதி அனுப்பினால், அதற்கேற்ற வேறு வேலை பழக்கித் தருவார்களாம். கீழ்நாட்டிலிருந்து புதிதாக வந்திருந்த கிளார்க் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கேட்டார்.

"அங்க என்ன வேலை பாத்தீங்க?"

"இஸ்டோருல இருந்தேனுங்க," என்றார் அக்கா.

ஐந்து பேரும் அதையேதான் சொன்னோம். தோட்டத்து வரிசை வீடுகளை இங்கே லைன் என்பார்கள், நாங்கள் லயம் என்போம். காலையில் ஆள் கணக்கெடுப்பது இங்கே மஸ்டர், அங்கே பெரட்டு. இங்கே ஃபேக்டரி, அங்கே ஸ்டோர். தேயிலை அரைத்து வறுக்கும் கட்டிடத்துக்கு எங்கள் நாட்டில் அதுதான் பெயர். கிளார்க்குக்கு ஸ்டோர் என்றால் சாமான் அறை. அவர் ஐந்து ஃபாரத்திலும் ஒரே மாதிரி 'ஸ்டோர் கீப்பர்' என்று அழகாக எழுதி அனுப்பிவிட்டார்.

பதில் வந்த அன்று கிளார்க் எங்களை ஆபீஸ் வாசலில் நிற்க வைத்து வாசித்தார். அனுபவமுள்ள ஸ்டோர் கீப்பர்கள் ஐவர் ஒரே தோட்டத்தில் இருப்பது மகிழ்ச்சி. இந்த மிஷின் சுற்று வட்டாரத்தில் ஐந்து ஃபேக்டரிகளுக்கு வந்திருக்கிறது. அதன் உதிரி சாமான்களைப் பார்த்துக்கொள்ள ஐந்து இடத்திலும் ஆள் வேண்டும். இரண்டு மாதம் பயிற்சி, பிறகு பரீட்சை, தேறாதவர்களுக்குக் காடு. இதுதான் சாரம்.

'அனுபவமுள்ள' என்ற இடத்திலேயே எனக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பிவிட்டது. அக்கா பக்கத்தில் நின்று என் தொடையைக் கிள்ளினார். சாதாரணக் கிள்ளல் இல்லை, இரண்டு நாள் நீலம் நின்றது.

குழாயடியில் கூடிப் பேசினோம். சொல்லிவிடலாமா என்று ஒருத்தி கேட்டாள்.

"நாம பொய் சொன்னமா? கேட்டாங்க, சொன்னோம்," என்றார் அக்கா. பிறகு என்னைப் பார்த்தார். "ஏ புள்ள, தவளை தன் வாயால கெடும். உன் வாயால நாங்க அஞ்சு பேரும் கெட்டுறக் கூடாது."

எனக்குக் கோபம் வந்தது. நான் என்ன பறை அடிக்கிறவளா என்று கேட்டு, அன்று முழுக்க யாருடனும் பேசாமல் இருந்தேன். நிஜத்தில் அவர்கள் பயந்தது நியாயம்தான்.

பயிற்சி கொடுக்கக் கோயமுத்தூரிலிருந்து ஒரு ஃபிட்டர் வந்தார். வேறு இடம் இல்லாததால் பிள்ளைக்காம்பராவில், அதாவது வேலைக்காரிகளின் குழந்தைகளை விட்டுப் போகும் அறையில், மத்தியானம் வகுப்பு. வரிசையாகத் தூளிகள் தொங்கும். ஒன்று விழித்தால் எல்லாம் விழிக்கும் என்று ஆயா எச்சரித்துவிட்டாள். அதனால் அந்த மனிதர் இரண்டு மாதமும் ரகசியக் குரலிலேயே பாடம் நடத்தினார்.

"ஏனுங்க, இதுக்குப் பேரு பேரிங்குங்க," என்று கிசுகிசுப்பார்.

"பேரிங்குங்க," என்று நாங்கள் ஐந்து பேரும் கிசுகிசுப்போம். ஏதோ திருட்டுக்குக் கிளம்புகிற கூட்டம் மாதிரி இருக்கும். நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், அக்காவின் கை என் தொடைமேல் தயாராக இருக்கும்.

அக்காவுக்கு எழுத்து தெரியாது. பெட்டிகளில் பெயர் எழுதிக் கட்டிய அட்டைகளின் பின்பக்கம் அவருக்காக நான் படம் வரைந்தேன். வாஷருக்கு உளுந்து வடை. பேரிங்குக்குச் சீடை வைத்த வளையல். பெல்ட்டுக்கு அரைஞாண் கயிறு, அளவுக்குத் தக்கபடி குழந்தைக்கு, பையனுக்கு, தொப்பைக்காரருக்கு. ஒரு வாரத்தில் எங்கள் எல்லோருக்கும் அந்தப் பெயர்களே நின்றுவிட்டன. தொப்பைக்காரர் தீர்ந்துபோச்சு, எழுதிப் போடணும் என்று நாங்கள் பேசிக்கொண்டதைக் கேட்டு ஆயா எங்களைச் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்தாள்.

ஒருநாள் லாரியில் வந்த நட்டு, போல்ட்டு, வாஷர் எல்லாம் சாக்கு கிழிந்து ஒன்றோடொன்று கலந்துவிட்டன. ஃபிட்டர் தலையில் கை வைத்தார். அளவு அளவாகப் பிரிக்க ஒரு வாரம் ஆகும் என்றார். நாங்கள் சாக்கைத் தரையில் கொட்டினோம், பரப்பினோம், காலை நீட்டி உட்கார்ந்தோம். மற்றதை விரல்கள் பார்த்துக்கொண்டன. நூல் அளவு வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். இத்தனை வருடம் தேயிலையில் குச்சி தேடிய விரல்கள் அல்லவா. மத்தியானம் உட்கார்ந்தவர்கள், விளக்குப் போடுவதற்குள் பதினேழு குவியல் வைத்துவிட்டு எழுந்தோம்.

அவர் குவியல்களைச் சுற்றிச் சுற்றி வந்தார். "ஏனுங்க, உங்க நாட்டு ஸ்டோருலயும் இப்படித்தான் தரையில உக்காந்து பண்ணுவீங்களாங்க?"

"ஆமாங்க," என்றோம் ஐந்து பேரும். அதைவிட உண்மையான பதிலை நாங்கள் யாருக்கும் சொன்னதில்லை. அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் மழையில் நனைந்துகொண்டு சிரித்தோம். முழங்காலைப் பிடித்துக்கொண்டு அக்காவும் சிரித்தார். ஊர் விட்டு வந்தபின் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை, எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பரீட்சைக்கு மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கோட்டு, மூக்குக்கண்ணாடி, சிரிப்பே அறியாத முகம். சாமான் அறையில் அவருக்கு நாற்காலி போட்டு, கிளார்க் பக்கத்தில் நின்றார். அதிகாரி கேட்கக் கேட்க அக்கா நொண்டி நொண்டிப் போய் அட்டையைத் திருப்பிப் பார்த்து, சரியான சாமானை எடுத்து வந்து வைத்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை. மற்ற மூவரும் அப்படியே. கடைசியில் நான். கேட்ட எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தேன். அவருக்குத் திருப்தி. காகிதத்தை மூடப் போனவர், பேச்சுவாக்கில் கேட்டார்.

"நல்லாப் பழகியிருக்கீங்க. அங்க உங்க ஸ்டோர்ல மொத்தம் எத்தனை பேரு?"

சிரிப்பு கிளம்பிவிட்டது. அக்கா எட்டாத தூரத்தில் இருந்தார். பல்லைக் கடித்து அடக்கினேன். அடக்கினால் என்ன ஆகும் என்றுதான் முதலிலேயே சொன்னேனே.

"இருநூறு பேருங்க."

அவர் நிமிர்ந்தார். "ஒரு ஸ்டோருலயா?"

"ராத்திரி ஷிஃப்ட்டு தனிங்க."

"அவ்வளவு பேரு வேலை பாக்க அங்க என்னதாம்மா வச்சிருந்தீங்க?"

"தேயிலைங்க," என்றேன்.

கிளார்க்கின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. அவருக்கு அந்த நொடியில்தான் விஷயம் புரிந்திருக்க வேண்டும். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. அக்காவின் வீட்டுச் சாமான்களை வாசலில் தூக்கி வைத்திருப்பதுபோல் கண்ணுக்குத் தெரிந்தது. என் நாக்கை அறுத்துப் போடலாமா என்று இருந்தது.

அக்காதான் முன்னால் வந்தார். "ஐயா, எங்க பக்கம் இஸ்டோருன்னா ஃபேக்டரிங்க. நாங்க அங்க குச்சி பொறுக்குனவங்க. இங்கயும் அதான் பொறுக்குனோம். இந்தச் சாமானெல்லாம் இந்த ரெண்டு மாசத்துலதாங்க தெரியும். எனக்குப் படிக்கவும் தெரியாதுங்க."

"படிக்கத் தெரியாதா? அப்புறம் எப்படி எடுத்தீங்க?"

அக்கா ஓர் அட்டையைத் திருப்பிக் காட்டினார். அதிகாரி கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார்.

"இது என்ன?"

"வடைங்க. வாஷருக்கு."

அவர் அடுத்ததைத் திருப்பினார். தொப்பைக்காரர். அதிகாரி இருமினார். கைக்குட்டையை எடுத்து வாயை மூடினார், தோள் குலுங்கியது, ஜன்னல் பக்கம் திரும்பி மழையை ரொம்ப நேரம் பார்த்தார். மற்றவர்கள் அவருக்குச் சளி என்று நினைத்திருப்பார்கள். என் வியாதி எனக்குத் தெரியாதா?

திரும்பியபோது முகம் பழையபடி இருந்தது. எங்கள் ஃபாரங்களைக் கேட்டு வாங்கினார். ஐந்திலும் 'ஸ்டோர் கீப்பர்' என்று இருந்த இடத்தில் 'கீப்பர்' என்பதை மட்டும் அடித்துவிட்டு, கீழே தேறினார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"ஸ்டோர்னுதான சொன்னாங்க. அதுபடியே இருக்கட்டும்," என்று கிளார்க்கிடம் கொடுத்தார்.

அக்காவை அதே தோட்டத்திலேயே விட்டார்கள், வீடு தங்கியது. மற்றவர்கள் ஆளுக்கொரு ஃபேக்டரிக்குப் போனோம். எனக்கு ஓவேலிப் பக்கம். பஸ் ஏற்றிவிட வந்த அக்கா, அங்கேயாவது வாயை மூடிக்கொண்டு இரு என்று சொல்லிவிட்டு அழுதார். நான் சிரித்துக்கொண்டே ஏறி, தேவாலா வரைக்கும் அழுதுகொண்டே போனேன்.

மறுநாள் காலையில் புது இடத்தில் சாமான் அறையைத் திறந்து, கம்பி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். மிஷின் ஓட்டுகிறவர் வந்து கையை நீட்டினார்.

"ஸ்டோர்கீப்பரம்மா, ஒரு பெல்ட்டு குடுங்க."

யாரைக் கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். என் பின்னால் அலமாரிதான் இருந்தது. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தொடையைக் கிள்ள ஆளில்லை.