அண்ணி எழுதிய தேர்வு

மருத்துவமனையில் பழைய நாள்காட்டிகளைத் தூக்கி எறிவதற்கு முன் அண்ணி அவற்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு வருவார். அந்தத் தடித்த தாள்களைச் சீட்டுக்கட்டுச் சீட்டின் அளவுக்கு வெட்டி, வெள்ளைப் பக்கத்தில் மேலே ஓர் ஆங்கிலச் சொல்லையும் கீழே சிறிய எழுத்தில் அதன் பொருளையும் எழுதுவார். திருப்பிப் பார்த்தால் ஏதோ ஒரு மாதத்தின் பாதி வாரம் தெரியும். ஐம்பது ஐம்பதாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய அந்த அட்டைகள், மலேசியாவின் மாசாய் ஊரில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசைமேல் எப்போதும் கிடக்கும்.

என் அண்ணனின் மனைவி அவர்; நான் அவருக்கு நாத்தனார். ஜொகூர் பாருவில் ஒரு தனியார் மருத்துவமனையில் தாதி. நியூசிலாந்தில் தாதியாக வேலை செய்ய வேண்டுமென்றால் முதலில் ஓர் ஆங்கிலத் தேர்வில் தேற வேண்டும். கேட்பது, வாசிப்பது, எழுதுவது, பேசுவது என்று நான்கு பகுதி. நான்கிலும் அவர்கள் சொல்லும் புள்ளி வர வேண்டும். நோயாளியிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்கும் ஆங்கிலம் அண்ணியிடம் தாராளமாக இருந்தது. நகரங்கள் பெருகுவதால் வரும் நன்மை தீமைகளை அலசி ஒரு கட்டுரை எழுதும் ஆங்கிலம் இல்லை. அதற்குத்தான் அந்த அட்டைகள்.

போகலாம் என்று முதலில் சொன்னவர் அண்ணன். சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்தார். விடியுமுன் எல்லை தாண்டிப் போக மோட்டார் சைக்கிளில் கிளம்பினால் பொழுது சாயும்போதுதான் வீடு திரும்புவார். குளித்துவிட்டு, மூன்று வயது மகளோடு சாப்பிட உட்காரும்போது தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கட்டு அட்டை இருக்கும். இடது கையால் பொருளை மறைத்துக்கொண்டு சொல்லை மட்டும் அண்ணியிடம் காட்டுவார். அண்ணனின் ஆங்கிலம் கிடங்கில் கற்றது. பல சொற்களை அவருக்கு வாசிக்கவே வராது. “அலமாக், இந்த வார்த்தைய யாரு லா பேசுறா?” என்று மலாய் பாணியில் அங்கலாய்ப்பார். பொருள் அவருக்குப் போதவில்லையென்றால் பென்சிலால் தாமே ஒன்றை எழுதிவைப்பார். மிகுந்த கவனத்தைக் குறிக்கும் ‘மெட்டிகுலஸ்’ என்ற சொல்லுக்குக் கீழே ‘அம்மா மீன் கழுவுறது’ என்று இருந்தது. மனமில்லாமையைக் குறிக்கும் ‘ரிலக்டன்ட்’டுக்குக் கீழே ‘திங்கட்கிழமை காலையில நான்’. அண்ணி அதைக் கண்டு சிரிக்காமல் அடுத்த அட்டையைக் கேட்பார். சிரிப்பை அடக்குகிறார் என்பது எங்களுக்குத் தெரியும்.

தேர்வுக்கு அண்ணன்தான் பதிவு செய்தார். ஆறு வாரம் கழித்து வந்த ஒரு சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்துத் தந்தார். அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை, பாசிர் கூடாங் நெடுஞ்சாலையில் மழையில் அவருடைய மோட்டார் சைக்கிள் சறுக்கி, பின்னால் வந்த லாரியின் அடியில் போய்விட்டது. எனக்குத் தொலைபேசியில் சொன்னது ஒரு போலீஸ்காரர். மலாயில் சொன்னார், மிகவும் மரியாதையாகச் சொன்னார். நான் நன்றி சொல்லி அழைப்பைத் துண்டித்தேன். ஏன் அப்படி நன்றி சொன்னேன் என்பது இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

அந்த நாள்களில் என்ன உணர்ந்தேன் என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. வீடு முழுக்க உறவினர்கள் இருந்தார்கள், சிகாமட்டிலிருந்து வந்தவர்கள் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள், யாரோ சமைத்தார்கள், யாரோ பாத்திரம் கழுவினார்கள். ஐந்தாம் நாள் நான் வேலைக்குத் திரும்பினேன். பாசிர் கூடாங்கில் சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றில் நான் குமாஸ்தா. கண்டெய்னர் பெட்டகங்களின் எண்களைத் தட்டச்சு செய்தேன். ஒன்றுகூடப் பிழையில்லை. மேலாளர் என்னைத் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

ஒன்பதாம் நாள் மாலை அண்ணி சமையலறை மேசையில் வந்து உட்கார்ந்தார். முகத்தில் பொட்டு இல்லை. அதற்கு நான் இன்னும் பழகியிருக்கவில்லை. “கொஞ்சம் அட்டையக் கேளு மா,” என்றார். நான் கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். சொல்லைக் காட்டினேன், அவர் பொருள் சொன்னார், சொல்லைக் காட்டினேன், பொருள் சொன்னார். துக்கத்தைக் குறிக்கும் சொற்கள் நான்கைந்து அந்தக் கட்டிலேயே இருந்தன. தாவரங்களைப் பற்றிய சொற்களுக்குச் சொன்ன அதே குரலில்தான் அவற்றுக்கும் பொருள் சொன்னார். பென்சில் எழுத்து இருந்த அட்டைகள் வந்தபோது என் கட்டைவிரலை அதன்மேல் வைத்துக்கொண்டேன். அவரும் அந்த இடத்தைப் பார்க்கவில்லை.

அம்மா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எஸ்டேட் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். ஆங்கிலம் அவருக்குத் தெரியாது. ஆனால் நாங்கள் என்ன செய்கிறோம் என்பது தெரிந்தது.

“புருஷன் போயி பத்து நாள் ஆகல. பாடம் படிக்கிறா,” என்றார். யாரிடமும் சொல்லவில்லை, காற்றிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

அண்ணி என்னைப் பார்த்து, “அடுத்தது,” என்றார்.

நான் அண்ணிக்காகப் பேசியிருக்க வேண்டும். அம்மாவுக்கு ஆறுதலாவது சொல்லியிருக்க வேண்டும். இரண்டையும் செய்யவில்லை. அடுத்த அட்டையை எடுத்தேன். அதன்பிறகு தினமும் வேலை விட்டு வந்ததும் ஐம்பது சொற்கள் கேட்டேன். கருமக்கிரியை நடந்த நாளில்கூடக் காரியமெல்லாம் முடிந்து வந்தவர்கள் கிளம்பியபின் கேட்டேன். அவர் அழவில்லை, நானும் அழவில்லை. அழாதவர்கள் இரண்டு பேர் ஒரு மேசையில் உட்கார ஒரு வேலை வேண்டியிருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அப்படியெல்லாம் தோன்றவில்லை. ஐம்பது முடிந்ததா என்றுதான் பார்த்தேன்.

தேர்வு நாளன்று நான்தான் காரில் அழைத்துப் போனேன். கிளம்பும்போது அம்மா ஒரு குவளை மைலோவைக் கொண்டுவந்து அண்ணியின் முன் வைத்தார். “வெறும் வயித்தோட போவாத,” என்றார். பல வாரங்களுக்குப் பின் அவர் அண்ணியிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. அண்ணி நின்றபடியே முழுவதையும் குடித்தார். தேர்வு ஒரு தங்கும் விடுதியின் மண்டபத்தில். மாலை வரை கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தவர் காரில் ஏறி, “முடிஞ்சிருச்சி,” என்றார். எப்படி இருந்தது என்று நான் கேட்கவில்லை. தெப்ராவ் சாலை நெரிசலில் ஒரு மணி நேரம் நின்றோம்.

தேவைப்பட்ட புள்ளிகள் நான்கிலும் வந்திருந்தன. அதைக் கேட்டு வீட்டில் யாரும் மகிழவில்லை, வருந்தவும் இல்லை. பத்து மாதம் ஓடியபின் வேலைக் கடிதமும் விசாவும் வந்தன. அப்போதுதான் அம்மா வாய் திறந்தார். அண்ணனின் மகளுக்கு அப்போது நான்கு வயது.

“நீ போயிட்டு வா. புள்ளய இங்க விட்டுடு. நான் பாத்துக்கிறேன்.”

“இல்ல அத்த. அவளையும் கூட்டிட்டுத்தான் போறேன்.”

“தெரியாத ஊருல தனியா என்ன பண்ணுவ?”

“இங்கயும் அதேதான அத்த.”

அண்ணி அதைக் குத்தலாகச் சொல்லவில்லை, விவரம் சொல்வதுபோலத்தான் சொன்னார். அம்மா என் பக்கம் திரும்பினார். நான் ஏதாவது சொல்வேன் என்று இருவரும் காத்திருந்தார்கள். குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். மடித்தவற்றைப் பெட்டிக்குள் வைத்தேன். அதையே என் பதிலாக இருவரும் எடுத்துக்கொண்டார்கள். புறப்பட்ட அன்று அம்மா பேத்தியைக் குளிப்பாட்டி, தலை வாரி, சட்டை மாட்டிவிட்டார். வாசலுக்கு மட்டும் வரவில்லை.

மூன்று ஆண்டுகள் போயின. வாரம் ஒருமுறை வீடியோ அழைப்பு வரும். அங்கே குளிர், இங்கே மழை, சாப்பிட்டாச்சா, பள்ளிக்கூடம் எப்படி என்று பேசிவிட்டு வைத்துவிடுவோம். நான் அதே நிறுவனத்தில்தான் இருக்கிறேன். அண்ணன் விழுந்த இடத்தைத் தினமும் இருமுறை கடக்கிறேன். முதலில் கண்ணை வேறு பக்கம் திருப்புவேன். இப்போது திருப்புவதில்லை, அது சாலையின் ஒரு பகுதி.

இந்தத் தீபாவளிக்கு அண்ணி மகளோடு வந்திருந்தார். இரண்டாம் நாள் மதியம், அண்ணியும் நானும் சமையலறையில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தோம். அம்மா அடுப்படியில் தோசைக்கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னவோ பேசப்போய், இத்தனை ஆண்டாகக் கேட்காததைக் கேட்டேன்.

“அன்னிக்கு உள்ள என்ன அண்ணி கேட்டாங்க? பேசுற பரீட்சையில.”

அண்ணி சற்று யோசித்தார்.

“ஒரு சீட்டு குடுத்தாங்க. உங்களுக்குத் தெரிஞ்ச கடுமையான உழைப்பாளி ஒருத்தரப் பத்தி ரெண்டு நிமிஷம் பேசுங்கன்னு இருந்துச்சி. வேற யாரும் ஞாபகத்துக்கு வரல. அவரப் பத்தித்தான் ஆரம்பிச்சேன். ‘மை ஹஸ்பண்ட் கோஸ் டு வொர்க் எவ்ரிடே’ன்னு சொன்னேன்.”

நான் முறுக்கைத் தட்டில் வைத்தேன்.

“இப்பவும் போறாருங்கற மாதிரி சொல்லிட்டேன், சொன்னதுமே தப்புன்னு தெரிஞ்சிருச்சி. இலக்கணத்துக்கு மார்க் உண்டு. உடனே ‘வென்ட்’டுன்னு மாத்துனேன். கேள்வி கேட்ட அந்தம்மா ஏதோ எழுதிக்கிட்டாங்க. தப்பாச் சொன்னதுக்கா, திருத்துனதுக்கான்னு தெரியல. அப்புறம் ரெண்டு நிமிஷமும் ஒரு தப்பு இல்லாம பேசினேன் மா. எல்லாம் சரியா, முடிஞ்சி போன மாதிரியே சொன்னேன்.” விரலில் ஒட்டிய முறுக்குத் தூளைத் தட்டிவிட்டு, “அதுவரைக்கும் யாருகிட்டயும் நான் அப்படிச் சொல்லல,” என்றார்.

தோசைக்கல் தேய்க்கும் சத்தம் நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அம்மா எங்களுக்கு முதுகைக் காட்டியபடியே நின்றார்.

“வென்ட்டுன்னா என்ன?” என்று கேட்டார்.

பதில் சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் அண்ணி எழுந்து அம்மாவின் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

“போனாருன்னு அர்த்தம் அத்த,” என்றார்.